இஞ்சினை நிறுத்திய பிறகும்

என் நோயை முதலில் பரிசோதித்தவர் ஒரு மெக்கானிக். அவர்மேல் குற்றமில்லை. நான் அவரிடம் கொண்டுபோய்க் காட்டியது வண்டியை.

ஜவ்வாது மலையில் ஜமுனாமரத்தூருக்கும் கீழே திருப்பத்தூருக்கும் நடுவில் ஆள் ஏற்றி இறக்கும் வேன் ஒன்று வைத்திருக்கிறேன். பேருந்தைத் தவறவிட்டவர்கள், சாமை மூட்டையோடு வந்ததால் பேருந்தால் தவறவிடப்பட்டவர்கள், ஆட்டுக்குட்டியை மடியில் வைத்துக்கொண்டு அதற்கும் டிக்கெட்டா என்று சண்டைக்கு வருகிறவர்கள் எல்லாரும் என் வாடிக்கையாளர்கள். இருக்கைகள் நிரம்பினால்தான் வண்டி கிளம்பும். அதுவரை ஸ்டியரிங்மேல் புத்தகத்தைச் சாய்த்து வைத்துப் படித்துக்கொண்டிருப்பேன். என் வண்டி நிரம்ப நெடுநேரம் ஆகும். அதனால் நான் நிறையப் படித்தவன். தொழில் நன்றாக நடந்திருந்தால் தினசரியின் ராசிபலனோடு நின்றிருப்பேன்.

போன மழைக்காலத்தில் வண்டி உதற ஆரம்பித்தது. பெரிய உதறல் இல்லை. நெஞ்சுக்கு நேராக, சீராக, விடாமல் ஒரு படபடப்பு. ஸ்டியரிங்கிலிருந்து கைக்கு வந்து, கையிலிருந்து நெஞ்சுக்கு ஏறுகிறது என்று முடிவு செய்தேன். பாதி ஆயுளை டிரைவர் சீட்டில் கழித்தவனுக்கு வண்டி எங்கே முடிகிறது, உடம்பு எங்கே தொடங்குகிறது என்பது மறந்துபோகும். முதுகு வலித்தால் ஸ்பிரிங் பட்டையைச் சந்தேகப்படுவோம். மூச்சு வாங்கினால் ஏர் ஃபில்டரை.

எனக்கு மூச்சும் வாங்கியது. ஏர் ஃபில்டரை மாற்றினேன்.

திருப்பத்தூரில் பாபு பாய் என்பவர்தான் என் வண்டிக்கு மெக்கானிக். முதல் தடவை இஞ்சின் மவுண்டிங் ரப்பரை (இஞ்சினின் அதிர்வு வண்டிக்கு வராமல் தாங்கும் ரப்பர் கட்டை) மாற்றினார். உதறல் நிற்கவில்லை. இரண்டாம் தடவை டீசலைப் பீய்ச்சும் இன்ஜெக்டரைக் கழற்றிச் சுத்தம் செய்தார். நிற்கவில்லை. மூன்றாம் தடவை என்னைப் பக்கத்துச் சீட்டில் உட்காரவைத்து அவரே ஓட்டினார். ஊரை ஒரு சுற்றுச் சுற்றி, பட்டறை வாசலில் நிறுத்தி, சாவியைத் திருப்பினார்.

"இப்ப உதறுதா அண்ணே?"

"உதறுது பாய். அதே மாதிரிதான்."

"இஞ்சின் ஆஃப்ல கீதுண்ணே."

பாய் சாவியைத் தன் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார்.

"வண்டி நல்லாத்தான் கீது. நீங்கதான் மிஸ்ஃபயர் ஆவுறீங்க. வாங்க, டாக்டராண்ட போலாம். உங்களுக்குப் போடற ரப்பரு எங்கிட்ட இல்ல."

தன் ஸ்கூட்டரின் பின்னால் என்னை ஏற்றிக்கொண்டு போனார். யாராவது ஓட்ட, நான் பின்னால் உட்கார்ந்து போகும் காலம் அங்கே தொடங்கியது.

அவர் இறக்கிவிட்ட மருத்துவமனையில் ஈ.சி.ஜி. (இதயத்தின் மின்னோட்டத்தைக் காகிதத்தில் கோடாக வரைந்து காட்டும் சோதனை) எடுத்தார்கள். இளம் பெண் மருத்துவர் ஒருவர் காகிதத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், மறுபடியும் காகிதத்தையே நம்பினார். கோடு ரம்பத்தின் பல் மாதிரி இருந்தது. ஒரே அளவுப் பற்கள், ஒன்றன்பின் ஒன்றாக. எங்கள் மலையில் மரம் அறுக்க அனுமதி இல்லை; எனக்குள்ளே யாரோ அறுத்துக்கொண்டிருந்தார்கள்.

"எப்பலேர்ந்து இப்படி இருக்கு?"

"மவுண்டிங் மாத்தறதுக்கு முந்தியிலேர்ந்துங்க."

அவர் சிரிக்கவில்லை. ஊசி ஒன்று போட்டு, மாத்திரைகள் எழுதி, இன்னும் பெரிய மருத்துவமனைக்கு அனுப்பினார். நோயின் பெயர் ஏட்ரியல் ஃப்ளட்டர் (இதயத்தின் மேலறையில் மின்னலை ஒன்று ஒரே வட்டத்தில் ஓயாமல் சுற்றும் கோளாறு).

பெரிய மருத்துவமனையின் நடைபாதையில் காத்திருந்தபோது என் மனைவி கனகா கேட்டாள்: "உள்ள சுத்துதுன்னா, இன்னா சுத்துது?" எனக்கும் தெரியாது. இதே சந்தேகத்தோடு இதே மாதிரி ஒரு நடைபாதையில் உட்கார்ந்திருக்கும் உங்களுக்காகத்தான், அங்கிருந்த இதய மருத்துவர் எனக்குச் சொன்னதை எனக்குப் புரிந்த மட்டில் எழுதுகிறேன். புரியாத இடங்களை வேன்களால் நிரப்பியிருக்கிறேன்.

இதயத்தில் மேலே இரண்டு அறைகள், கீழே இரண்டு. வலது மேலறையின் உச்சியில் ஒவ்வொரு துடிப்புக்கும் ஒரு மின்பொறி பிறக்கிறது. அது வலது மேலறை முழுக்கப் பரவுகிறது. இடது மேலறைக்குப் போக அதற்குச் சில வழிகள்தான் உண்டு. முக்கியமானது இரண்டு அறைகளின் கூரைக்கும் குறுக்கே கிடக்கும் தசைப்பாலம். இன்னொன்று கீழே, பின்பக்கம், இதயத்தின் கழிவு ரத்தத்தைக் கொண்டுவரும் பெரிய சிரையை ஒட்டிய வழி. ஒழுங்கான நாளில் செய்தி பெரும்பாலும் மேல்பாலம் வழியே போகும். வலது அறை சுருங்கிய மறுகணமே இடது அறையும் சுருங்கும்.

எங்கள் மலைக்கும் இரண்டு வழிகள்: மேற்கே திருப்பத்தூர்ப் பக்கம் ஒன்று, கிழக்கே போளூர்ப் பக்கம் ஒன்று. ஒன்றில் மண் சரிந்தால் தக்காளி மற்றதில் வரும். ஆகவே இதுவரை புரிந்துகொள்வதில் எனக்குச் சிரமமில்லை.

என் நோயில் பொறிக்கு உச்சியில் வேலையே இல்லாமல் போய்விட்டது. வலது மேலறையின் அடியில் கீழறைக்குத் திறக்கும் வால்வு ஒன்று இருக்கிறது. அந்த வால்வைச் சுற்றி ஒரு மின்னலை ஓடிக்கொண்டிருந்தது. சுற்றி முடிக்கும்போது, முன்பு கடந்துபோன இடம் களைப்பு தீர்ந்து தயாராக இருக்கும். அதனால் அது மறுபடியும் ஓடும். தன் வாலைத் தானே துரத்திக்கொண்டு, நிமிடத்துக்கு முந்நூறு சுற்றுக்குப் பக்கமாக.

"அப்ப இதயம் முந்நூறு அடிக்குமாங்க?" என்றேன்.

"மேலறைக்கும் கீழறைக்கும் நடுவுல ஒரு கணு இருக்கு. அது ரெண்டுல ஒண்ணத்தான் கீழ விடும். எல்லாத்தையும் விட்டிருந்தா நீங்க இங்க உட்கார்ந்து கேட்டுட்டிருக்க மாட்டீங்க."

பேருந்து நிலையத்தில் டைம் கீப்பர் இருக்கிறார் அல்லவா, அவர்தான். வெறிபிடித்து வந்துகொண்டே இருக்கும் வண்டிகளில் ஒன்றை விட்டு ஒன்றை நிறுத்திவைக்கிறார். வாழ்நாள் முழுக்க டைம் கீப்பர்களைத் திட்டியவன் நான். எனக்குள் ஒருவர் உட்கார்ந்து என்னைக் காப்பாற்றிக்கொண்டிருந்தார்.

"இடது பக்கம் கெட்டுப்போகலயா சார்?" என்றாள் கனகா.

மருத்துவர் ஈ.சி.ஜி. காகிதத்தோடு அவள் பக்கம் திரும்பி உட்கார்ந்தார். "இல்லம்மா, இடது பக்கம் ஒரு தப்பும் பண்ணல. சுத்துறது வலதுல. ஆனா ஒவ்வொரு சுத்துக்கும் ஒரு அலை இடதுக்குப் போயிடுது. அதுவும் மேல்பாலத்துக்கு முன்னாடியே கீழ்வழியா. அதனால இடது அறை அடியிலேர்ந்து மேல்நோக்கிச் சுருங்குது. இந்தப் பல்லெல்லாம் கீழ்நோக்கித் தொங்குது பாருங்க, அதான் அடையாளம்."

"பக்கத்து வூட்ல டிவி அலறினா நம்ம வூட்ல தூக்கம் போற மாதிரி" என்றாள் கனகா.

"அதேதான். ஆனா ஆபத்து உங்க வூட்டுக்குத்தான்."

இடது மேலறையின் ஓரத்தில் ஒரு சிறு பை இருக்கிறது. அறை சரியாகச் சுருங்காமல் படபடத்துக்கொண்டே இருந்தால் அந்தப் பையில் ரத்தம் தேங்கலாம். தேங்கினால் உறையலாம். உறைந்த கட்டி கிளம்பினால் மூளைவரை போகலாம், பக்கவாதம் வரலாம். அதனால் ரத்தம் உறையாமல் காக்கும் மாத்திரையைச் சில வாரங்கள் தவறாமல் சாப்பிட்டுவிட்டு வரவேண்டும். பிறகு வலது அறையில் அலை ஓடும் ஒடுங்கிய சந்து ஒன்றைச் சுட்டு அடைத்துவிடலாம் என்றார். உங்களுக்கும் இந்த மாத்திரை எழுதியிருந்தால், நன்றாக இருக்கிறதே என்று நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். நன்றாக இருப்பதாக நினைத்துக்கொள்வதில் நான் அனுபவசாலி.

கடைசியாக அவர் கேட்டார்: "எப்பவாவது கண்ணு இருட்டிச்சா?"

ஒரு முறை. மலை இறங்கும்போது, கொண்டை ஊசி வளைவு ஒன்றில். பாதை வெளுத்து, குறுகி, ஒரு கணம் காணாமல்போய்த் திரும்பி வந்தது. ஓரமாக நிறுத்தி, இஞ்சின் சூடாகிவிட்டது என்று பயணிகளிடம் சொன்னேன். நானும் அதை நம்பினேன். ரேடியேட்டருக்குத் தண்ணீர்கூட ஊற்றினேன். வண்டி நிறைய ஆள் இருந்தார்கள்.

அதைச் சொன்னேன். "இனிமே நான் சொல்ற வரைக்கும் வண்டி தொடக்கூடாது. திரும்பத் தொடலாமான்னு இது முடிஞ்சப்பறம்தான் சொல்ல முடியும்" என்றார் மருத்துவர்.

வெளியே வந்ததும் கனகா சொன்னாள்: "வண்டிய வித்துடலாம்." கோபமாகச் சொல்லவில்லை. கோபமாகச் சொல்லியிருந்தால் பதில் சொல்லியிருப்பேன்.

காத்திருந்த அந்த வாரங்களைப் பற்றி யாரும் எனக்கு முன்கூட்டிச் சொல்லவில்லை. அதனால் சொல்கிறேன். வலி இல்லை. படுக்கையும் இல்லை. ஆனால் ஓரிடத்தில் இருக்க முடியாது. உட்கார்ந்தால் எழுந்துகொள்ளத் தோன்றும். எழுந்தால் எதற்கு என்று தெரியாது. கை தானாகக் கழுத்துக்குப் போய் நாடியைத் தேடும். மாத்திரைகள் வேகத்தைக் கொஞ்சம் குறைத்திருந்தன, சுற்றுவதை நிறுத்தவில்லை. வண்டியில் உட்கார்ந்து எத்தனையோ புத்தகம் படித்தவன் வீட்டில் ஒரே பக்கத்தைத் திரும்பத் திரும்பப் படித்தேன். சுற்றி முடிப்பதற்குள் தொடங்கிய இடம் புதிதாகிவிட்டது.

வேனை கனகாவின் தம்பி சேகர் ஓட்டினான். நல்ல டிரைவர். அதுதான் தொல்லை. கண்டுபிடிக்கக் குற்றம் கிடைக்காமல் நானும் பின்சீட்டில் ஏறி உட்கார்ந்துகொள்வேன். ஒவ்வொரு வளைவிலும் என் வலது கால் இல்லாத பிரேக்கை மிதிக்கும்.

"மாமா, தரைய ஒதைக்காதீங்க. தகரம் பிஞ்சிடப் போவுது."

"மூணாவதுல எடுக்கலாமே இந்த ஏத்தத்த."

"மாமா, உங்களுக்கு இன்னா வேல சொன்னாங்க டாக்டரு?"

"ஒண்ணுமில்லாம இருக்கச் சொன்னாங்க."

"அதச் செய்ங்க மொதல்ல."

அப்போதுதான் இடது மேலறையின் கஷ்டம் எனக்குப் புரிந்தது. ஓட்டுவது வேறொருவர். திருப்பங்கள் எல்லாம் உனக்கு. உன் தப்பு என்று எதுவும் இல்லை. ரத்தம் எங்காவது உறைந்தால் அது உன் பையில்தான்.

சிகிச்சைக்கு முன் தொண்டை வழியாக ஒரு குழாயை இறக்கி, அந்தப் பையில் உறைவு இல்லை என்று பார்த்துக்கொண்டார்கள். பிறகு தொடையிடுக்கின் சிரை வழியாக மெல்லிய கம்பிகளை இதயம்வரை ஏற்றினார்கள். இதற்கு அப்லேஷன் (கோளாறான மின்பாதையைச் சுட்டு அடைப்பது) என்று பெயர். என்னை முழுதாக மயக்கவில்லை. அரைத்தூக்கத்தில் கிடந்தேன். மேலே திரைகளில் என் ரம்பப் பற்கள் ஓடிக்கொண்டிருந்தன.

"இப்ப நெஞ்சுல கொஞ்சம் எரியும். அசையாதீங்க" என்றார் மருத்துவர்.

எரிந்தது. வால்வுக்கும், கீழிருந்து வரும் பெருஞ்சிரையின் வாய்க்கும் நடுவில் இருக்கும் அந்தச் சந்தில் புள்ளி புள்ளியாகச் சுட்டு ஒரு கோடு போடுகிறார்கள். சுட்ட தசையில் மின்சாரம் ஓடாது. அசையாமல் கிடப்பது எனக்கு எரிச்சலைவிடக் கஷ்டமாக இருந்தது.

"நின்னுடுச்சு" என்று யாரோ சொன்னார்கள்.

நின்றது. எல்லாமே நின்றது. பல மாதமாக உள்ளே ஓடிய இஞ்சினை யாரோ சாவி திருப்பி அணைத்த மாதிரி ஒரு அமைதி. அடுத்த துடிப்பு வரவில்லை. உச்சியில் இருக்கும் அந்தப் பழைய மின்பொறி, இவ்வளவு நாள் வேலையில்லாமல் தூங்கிப்போயிருக்கும் போலிருக்கிறது. திரையில் அது ஒரு சின்ன இடைவெளி என்று பிறகு சொன்னார்கள். எனக்கு அந்த இடைவெளியில் கனகா, வண்டி, சேகர், விற்க வேண்டாம் என்று நான் சொல்லாத பதில், எல்லாவற்றுக்கும் இடமிருந்தது. பிறகு ஒரு துடிப்பு வந்தது. சாவகாசமாக, செருப்பைத் தேடிப் போட்டுக்கொண்டு வருகிறவர் மாதிரி. அதன்பின் இன்னொன்று.

முடிந்தது என்று நினைத்தேன். முடியவில்லை. கோட்டின் ஒரு பக்கத்தில் அவர்களே ஒரு பொறியைத் தட்டி, மறுபக்கத்துக்கு எப்படி வருகிறது என்று பார்த்தார்கள். நேராக வந்தால் கோட்டில் சுடாமல் விட்டுப்போன இடம் இருக்கிறது. வால்வை முழுக்கச் சுற்றிக்கொண்டு தாமதமாக வந்தால் பாதை அடைபட்டிருக்கிறது.

"நேரா வருது. இன்னும் ஒரு இடம் விட்டுப்போயிருக்கு" என்றார் மருத்துவர்.

மறுபடியும் எரிந்தது. மறுபடியும் தட்டினார்கள். இந்த முறை செய்தி சுற்றிக்கொண்டு வந்தது. மறுபக்கத்திலிருந்தும் தட்டிப் பார்த்தார்கள். அதுவும் சுற்றிக்கொண்டே வந்தது. தாமதமாக வருவதுதான் நல்ல செய்தி என்று தொழிலில் யாரும் எனக்குச் சொன்னதில்லை. கொஞ்ச நேரம் காத்திருந்து இன்னொரு தடவையும் சோதித்த பிறகே கம்பிகளை எடுத்தார்கள்.

இது திரும்ப வராது என்று அவர் சத்தியம் செய்யவில்லை. வருவது அரிது, வேறு வகைக் கோளாறு பின்னால் வரலாம், மாத்திரையைத் தான் சொல்லும்வரை விடக்கூடாது என்றார். உங்கள் மருத்துவரும் இப்படித்தான் சொல்வார். அதற்காக அவர்மேல் கோபப்படாதீர்கள். முழு உத்தரவாதம் பாபு பாய்கூடத் தருவதில்லை.

மறுபரிசோதனைக்குப் போனபோது கோடு ஒழுங்காக இருந்தது. "ஓட்டலாம்" என்றார். "படபடப்பு வந்தா உடனே ஓரம் கட்டி வரணும்."

வீட்டில் கனகா இதை ஒப்புக்கொள்ளவில்லை. மறுக்கவும் இல்லை. முதல் டிரிப் அன்று காலை புடவை மாற்றிக்கொண்டு வந்து முன்சீட்டில் ஏறி உட்கார்ந்தாள்.

"நானும் வர்றேன்."

"டிக்கெட் போடணும்."

"போடு. கீழ போய்ச் சேரு மொதல்ல."

புளி உலுக்கும் பருவம். வண்டி சீக்கிரம் நிரம்பிவிட்டது. எல்லாரும் மூட்டைகளோடு எனக்காகக் காத்திருந்தார்கள் என்று நினைக்க ஆசைதான். அன்று பேருந்து வரவில்லை. காளியம்மா என்ற அக்கா என் சீட்டுக்கு நேர் பின்னால் உட்கார்ந்தார். மலையில் நிலம் வைத்திருப்பவர். என் வண்டியில் அவருக்கும் ஆட்டுக்கும் நிரந்தரச் சலுகை உண்டு.

"இன்னா டிரைவரே, உள்ள எரிச்சிட்டாங்களாமே உன்ன."

"ஒரு கோடு மட்டும்தாங்க்கா எரிச்சாங்க."

"நாங்களுந்தான் வருஷா வருஷம் கோடு எரிக்கறோம், காடு பத்திக்கக் கூடாதுன்னு. அதுக்குன்னு இத்தினி நாளா படுத்துக் கெடந்தோம்?"

வண்டி முழுக்கச் சிரித்தது. கனகா மட்டும் சிரிக்கவில்லை. அவள் பாதையைப் பார்க்கவில்லை, என் கழுத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

இரண்டு வளைவுகள் நன்றாகப் போயின. அடுத்து, முன்பு கண் இருட்டிய அந்த வளைவு. அதற்குக் கொஞ்சம் முன்னால் அது வந்தது. நெஞ்சுக்கு நேராக, சீராக, விடாமல். அதே உதறல்.

ஓரத்தில் அகலமான இடம் பார்த்து நிறுத்தினேன். கனகா முன்னால் இருந்த கம்பியை இறுகப் பிடித்துக்கொண்டாள். பின்னால் பேச்சு நின்றுவிட்டது. இவர்களில் சிலர் அன்றைக்கும் இருந்தவர்கள். ரேடியேட்டருக்குத் தண்ணீர் ஊற்றியதைப் பார்த்தவர்கள்.

சாவியைத் திருப்பி இஞ்சினை அணைத்தேன்.

காற்று மட்டும் இருந்தது. எங்கோ புல் எரிந்த வாசனை. மூட்டைகளிலிருந்து புளி வாசனை. என் கை கழுத்துக்குப் போவதற்குள் கனகாவின் கை என் நெஞ்சில் இருந்தது. அத்தனை பேர் பார்க்க. எங்கள் கல்யாணத்தில்கூட அவள் அவ்வளவு பேர் முன்னால் என்னைத் தொட்டதில்லை.

ஒரு துடிப்பு. பிறகு, அவசரமே இல்லாமல், இன்னொன்று.

அவள் கையை எடுக்காமல் கேட்டுக்கொண்டே இருந்தாள். பிறகு பின்னால் திரும்பி எல்லாருக்குமாகச் சொன்னாள்: "இவுரு இல்ல. வண்டிதான்."

ஒரு வண்டி கெட்டுப்போனதற்கு அவ்வளவு பேர் சந்தோஷப்பட்டு நான் பார்த்ததில்லை. மெதுவாக உருட்டிக்கொண்டே திருப்பத்தூர் போய்ச் சேர்ந்தோம். பாபு பாய் அடியில் படுத்துப் பார்த்துவிட்டு வெளியே வந்தார். "அன்னிக்கு நல்லா இருந்தத எடுத்துட்டு நான் போட்டேன் பாருங்க, அந்த மவுண்டிங்கு. இப்பதான் மெய்யாலுமே போச்சு."

விற்கும் பேச்சை கனகா அதன்பின் எடுக்கவில்லை. முடிவு செய்துவிட்டாள் என்று சொல்லமாட்டேன். அன்று பட்டறையில் ரப்பர் மாற்றும்வரை பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். கிளம்பும்போது மறுபடியும் முன்சீட்டில் ஏறினாள். வழியில் கண்ணயர்ந்து தூங்கினாள். எனக்கு அது போதும்.

என் உடம்பு பழையபடி ஆகிவிட்டதா என்று கேட்கிறார்கள். ஆகவில்லை. முன்பு எனக்கு இதயம் இருப்பதே தெரியாது. இப்போது அது பக்கத்துச் சீட்டில் உட்கார்ந்து வருகிறது. நேரமும் மாறிவிட்டது. முன்பெல்லாம் வண்டி நிரம்பும் நேரம், இறங்கும் நேரம் என்று இரண்டுதான் எனக்கு. இப்போது ஒரு துடிப்புக்கும் அடுத்ததற்கும் நடுவில் ஒரு நேரம் இருக்கிறது. அங்கே நான் அடிக்கடி போய்வருகிறேன்.

அந்த வளைவு வரும்போது ஓரமாக நிறுத்தி இஞ்சினை அணைக்கும் வழக்கம் வந்துவிட்டது. டீசல் மிச்சம் என்று முதலில் சொல்லிப் பார்த்தேன். யாரும் நம்பவில்லை. இப்போது சொல்வதில்லை. சாவியைத் திருப்பியதும் பின்னால் போனை அணைக்கிறார்கள், குழந்தையை அதட்டுகிறார்கள், ஆட்டின் வாயைப் பொத்துகிறார்கள். நான் கழுத்தில் விரலை வைத்துக்கொள்கிறேன். பின்சீட்டிலிருந்து காளியம்மா கேட்பார்.

"இன்னா, துடிப்பு கீதா?"

"கீதுங்க்கா."

"அப்ப வண்டிய எடு."